கடைசியாகக் கிளம்புகிறவன்

“அந்த வண்டியை எடுத்துக்கிட்டு வெளியில வரப்போறியா, இல்ல நான் அந்த வண்டியையே கட்டிக்கட்டுமா?”

“பெக்கா, கத்தாத. மாடி ஜன்னல்ல டாக்டர் யூல் நிக்கறார்.”

“நிக்கட்டுமே. அவருக்கும்தான் பத்திரிகை வெச்சிருக்கு. சனிக்கிழமை ரெண்டு மணிக்குக் கோயில்ல வந்து நிக்கச் சொல்லு. மாப்பிள்ளை வராட்டா அவராவது இருப்பார்.”

“லோனி கிளம்பட்டும். அவர் போன அடுத்த நிமிஷம் நான் வந்துடறேன்.”

“லோனி பதினாலு வருஷமாக் கிளம்பல.”

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டவள் பெக்கா கோவால்சிக். பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்யும் வேலையில் இருப்பவள். அந்தப் பக்கம் நின்று கெஞ்சியவன் எமெட் ஹால்வர்சன், எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான போர்ட் ஆல்டன் ஸ்டோக்கர்ஸின் குவார்ட்டர்பேக். அன்றைக்கு வியாழக்கிழமை. அணியின் பயிற்சிக் கட்டடத்து வண்டி நிறுத்துமிடத்துக்கு நேர் எதிரில்தான் என் சமையலறை ஜன்னல் இருக்கிறது. நான் ஒட்டுக்கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் மெதுவாகப் பேசியபோது மட்டும்தான் ஜன்னலைத் திறந்தேன்.

குவார்ட்டர்பேக் என்றால், பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, தன் மேல் எதிரணியின் நாலைந்து மலைகள் சரிவதற்குள் அதை யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவன். இதற்குத் தோள் வேண்டும், கண் வேண்டும் என்று வெளியூர்களில் இன்னும் நம்புகிறார்கள். ஓஹையோவிலேயே நம்புகிறார்கள். எங்கள் அணி அந்த நம்பிக்கையிலிருந்து எப்போதோ மீண்டுவிட்டது. எங்களிடம் அதற்கென்று ஒரு பிரிவே உண்டு: அளக்க முடியாதவற்றை அளக்கும் பிரிவு. அதன் தலைவர் டாக்டர் பிரெஸ்டன் யூல். எதில் டாக்டர் என்று ஒருமுறை அவரையே கேட்டேன். “அணுகுமுறைல” என்றார். முன்பு சுற்றுலாக் கப்பல்களில், வாந்தியெடுக்கும் பயணிகளுக்குத் தன்னம்பிக்கை பற்றிச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தவர் என்று பல் டாக்டர் வீட்டில் பேச்சு.

ஆண்டுதோறும் சீசன் டிக்கெட் வாங்கியவர்களைக் கூட்டிவைத்து அவர் பேசுவார். போன வசந்தத்தில் பேசியது இது:

“தோள் எல்லாருக்கும் இருக்குங்க. எனக்கே ரெண்டு இருக்கு. நாங்க தேடறது வேற. ஒருத்தன் அறைக்குள்ள நுழைஞ்சா அந்த அறையே மாறணும். எங்க பிரிவு இதுவரைக்கும் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கு. ஆறு பேருமே தலைமைப் பண்புல நூத்துக்கு நூறு. ஆட்டங்கள் தோத்துதுன்னு சில பேர் சொல்றாங்க. அது ஆட்டத்தோட கோளாறு. எங்க மதிப்பெண்ல இன்னிக்கு வரைக்கும் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியல.”

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் இருப்பவர் தட்டும்போது சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்.

ஐயோவாப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த எமெட்டுக்கு இதெல்லாம் புரியவில்லை. பந்தை எறியச் சொல்லி அழைத்ததாக நினைத்துக்கொண்டு வந்துவிட்டான். முதல் நாள் சாப்பாட்டு அறையில் தட்டை மேஜையில் வைத்தபோது, எத்தனை தலைகள் திரும்பின என்று யூல் தூணுக்குப் பின்னால் நின்று எண்ணினார். ஒரு தலை திரும்பியது. அதுவும் கெட்சப் கேட்பதற்காக.

அடுத்து, கடைநிலை ஊழியரின் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறானா என்ற சோதனை. தலைவன் என்பவன் கட்டடம் கூட்டுகிறவனின் பெயரையும் அவன் பிள்ளைகளின் பெயரையும் அறிந்திருக்க வேண்டும். அந்தக் கட்டடத்தைக் கூட்டுகிறவன் வால்ட். கல்யாணமே ஆகாதவன். வருகிற ஒவ்வொரு குவார்ட்டர்பேக்கும் தோளில் கை போட்டு, “வால்ட், பசங்க எப்படி இருக்காங்க?” என்று கேட்டுக் கேட்டு, இல்லை என்று சொல்லி மாளாமல், ஒரு கட்டத்தில் சின்டி என்று ஒரு மகளை உண்டாக்கிவிட்டான். சின்டி பள்ளி முடித்ததற்கு ஒருவன் மடிக்கணினி கொடுத்தான். அவளுக்குக் கால் முறிந்தபோது இன்னொருவன் பூங்கொத்து அனுப்பினான். பூவை வால்ட் எனக்குக் கொடுத்தான். வாடாமல் ரொம்ப நாள் இருந்தது.

கடைசிச் சோதனை முகம். ஆட்டம் முடிந்த பிறகு ஒளிப்பதிவை ஓட்டி, எமெட்டின் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பார் யூல். எறிந்த பந்து சரியாகச் சேர்ந்ததும் எமெட் சிரித்தான். ‘முதிர்ச்சி போதாது’ என்று அறிக்கை வந்தது. அடுத்த வாரம் சிரிக்காமல் இருந்தான். ‘உள்ளே நெருப்பு இல்லை.’ பையன் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று, சிரிப்புக்கும் சோகத்துக்கும் நடுவில், வாயை ஒரு பக்கமாக இழுத்து ஓர் அரை முகத்தைக் கண்டுபிடித்தான். அதைப் பார்த்த அணி மருத்துவர், பல்வலி என்று எண்ணிப் பல் டாக்டரிடம் அனுப்பினார். அங்கேதான் பெக்கா அவன் வாயைத் திறந்து பார்த்து, “பல்லு எல்லாம் நல்லா இருக்கு. மூஞ்சிக்குத்தான் என்ன ஆச்சு?” என்று கேட்டாள். அந்த ஊரில் அவனிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. அடுத்த மாதமே நிச்சயமாகிவிட்டது.

இனி லோனி பாசெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோனி மாற்று ஆட்டக்காரர். எமெட்டுக்கு அடிபட்டால் இறங்க வேண்டியவர். பதினாலு வருடமாகப் பல அணிகளில் இறங்காமலேயே சம்பாதித்தவர். ஆடினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் குறிப்புப் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி மைதானத்தைப் பார்ப்பாரே, அதைப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டையே அவரிடம் ஒப்படைக்கலாம் என்று தோன்றும். யூல் அவருக்கு நூற்றுக்கு நூறு போட்டிருந்தார். எமெட்டுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்த இரண்டு மதிப்பெண் எங்கே போனது என்று எமெட் கேட்டதற்கு யூல் சொன்னது:

“தலைவன்னா கட்டடத்துக்கு முதல்ல வரணும். கடைசியாப் போகணும். போன செவ்வாக்கிழமை நீ லோனிக்கு முன்னாடி கிளம்பிட்ட.”

“பல் டாக்டர்கிட்ட போனேன் சார். நீங்கதான் அனுப்பினீங்க.”

“நாங்க அனுப்பினோம். சரி. ஆனா போனது யாரு?”

அன்றிலிருந்து ஆரம்பித்தது. எமெட் விடியற்காலையில் வந்தால் லோனி அதற்கு முன்னால் வந்திருப்பார். லோனி போகட்டும் என்று எமெட் காத்திருப்பான், எமெட் போகட்டும் என்று லோனி. முதலில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பிறகு துணிமணி வந்தது. பிறகு எமெட்டின் நீல டிரக்கும் லோனியின் சாம்பல் வேனும் நிறுத்துமிடத்தை விட்டு நகரவே இல்லை. எமெட்டுக்கு அது சிறை. லோனிக்கு அப்படி இல்லை. அவர் வீட்டில் சமையலறையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வைக்கு மாமியார் வந்திருந்தார்.

ஊர் இதைச் சும்மா விடுமா. வேலைக்குப் போகிறவர்கள் சுற்றுவழியில் எங்கள் தெருவழியே வந்து வண்டிகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளூர் வானொலியில் பனி நிலவரம் சொன்ன கையோடு வண்டி நிலவரமும் சொன்னார்கள். “நீலமும் இருக்கிறது, சாம்பலும் இருக்கிறது.” இரண்டும் இருக்கிற வரை அணி பத்திரமாக இருப்பதாக ஊருக்கு ஒரு நிம்மதி. அந்த மாதம் எல்லா ஆட்டமும் தோற்றோம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த நிலைமையில்தான் நவம்பரில் ஓய்வு வாரம் வந்தது. சீசன் நடுவில் ஆட்டம் இல்லாத ஒரே வாரம். அதற்காகவே கல்யாணத்தை அந்தச் சனிக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். அன்றைக்கு இல்லாவிட்டால் இல்லை என்று பெக்கா தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஐடஹோவில் அவளுக்கு ஒரு வேலை வந்திருந்தது. “கல்யாணம் ஆனாலும் போறேன், ஆகாட்டியும் போறேன். கூட வர்றியாங்கறதுதான் கேள்வி” என்றாள்.

புதன்கிழமையே தலைமைப் பயிற்சியாளர் டன்லீவி எல்லோரையும் கூட்டிச் சொன்னார்: “எல்லாரும் வீட்டுக்குப் போங்க. ஆட்டக்காரங்க சங்கத்து விதி. கட்டாய ஓய்வு. ஓய்வெடுக்கத் தெரியாதவன் தலைவனே கிடையாது.” பக்கத்தில் நின்ற யூல் ஒரு வார்த்தை சேர்த்தார்: “போறது அவங்கவங்க இஷ்டம். திங்கக்கிழமை கேப்டன் யாருன்னு அறிவிப்போம்.”

மற்ற ஆட்டக்காரர்கள் ஓட்டமாக ஓடினார்கள். நீலமும் சாம்பலும் நின்றன. கட்டடத்தில் சூடேற்றியை அணைத்துவிட்டார்கள். சமையல்காரரும் போய்விட்டார். இரண்டு பேரும் அவரவர் வண்டியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் மனசு கேட்காமல் உருளைக்கிழங்கு பூரணம் வைத்த பியரோகிக் கொழுக்கட்டை பொரித்து வேலிக்கு மேலே கொடுத்தேன். லோனி, “வெங்காயம் இன்னும் கொஞ்சம் வதங்கியிருக்கலாம்” என்றார். எமெட் தட்டைப் பார்த்துக்கொண்டே, “வெளியில எப்படி இருக்கு?” என்று கேட்டான். அவனுக்கும் தெருவுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு வேலி.

வெள்ளிக்கிழமை எமெட் ஒரு யோசனையோடு வேனின் கண்ணாடியைத் தட்டினான்.

“லோனி, மூணு எண்ணுவோம். ரெண்டு பேரும் ஒண்ணாக் கிளம்பிடுவோம். யாரும் முதல் இல்ல, யாரும் கடைசி இல்ல.”

“அதுக்கென்ன தம்பி, தாராளமா. நாளைக்கு மத்தியானம்.”

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு எஞ்சினும் சேர்ந்து உறுமின. இரண்டும் தோளோடு தோள் உரச, நிறுத்துமிடத்தின் குறுக்கே வந்தன. ஊரே தெருவில் கூடியிருந்தது. வாசல் கேட் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கேட்டில் ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் போக முடியும்.

இரண்டும் நின்றன. லோனி கண்ணாடியை இறக்கினார்.

“நீ போ தம்பி. கல்யாண மாப்பிள்ளை.”

“நீங்க போங்க லோனி. பெரியவங்க முதல்ல.”

“பெரியவங்க எப்படிப் பெரியவங்க ஆனாங்கன்னு நினைக்கிற? வழிவிட்டு வழிவிட்டுத்தான்.”

“உங்க வீட்ல தேடமாட்டாங்களா?”

“தேடத்தான் செய்வாங்க. அதான் இங்க இருக்கேன்.”

இதற்குள் பின்னால் டன்லீவியின் வண்டி வந்து நின்றது, மீன்பிடிப் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு. குவார்ட்டர்பேக்குகளுக்கு முன்னால் கிளம்பின பயிற்சியாளர் என்ற பெயர் வரக் கூடாது என்று அவரும் அதுவரை உள்ளேயே இருந்திருக்கிறார், பாவம். ஹாரன் அடிக்கலாம் என்று கையைக் கொண்டுபோனவர், பொறுமையின்மை என்று குறித்துக்கொண்டு விடுவார்களோ என்று எடுத்துவிட்டார். ஏனென்றால் யூலே கீழே இறங்கிவந்து கேட்டருகில் நின்றுகொண்டிருந்தார். அவரும் வீட்டுக்குப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. அளக்கிறவர் முதலில் போனால் அளவு என்ன ஆகும்?

மணி ஒன்றரை. கோயிலில் பெக்கா வெள்ளைக் கவுனில் உட்கார்ந்திருந்தாள். எமெட் டிரக்குக்குள் பழைய அரை முகத்தோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். ரேடியோவில் அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வால்ட் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு டிரக்கின் வலப்பக்கமாக வந்தான். அந்தப் பக்கக் கதவு லேசாகத் திறந்தது. அங்கே நடந்ததை வால்ட் எனக்குப் பிறகு சொன்னான்.

“வால்ட், உங்க கோட்டும் தொப்பியும் வேணும்.”

“இந்தக் குளிர்ல கோட்டைக் குடுத்துட்டா சின்டி என்ன சொல்வாளோ.”

“சின்டின்னு யாரும் இல்லன்னு எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும்.”

வால்ட் கோட்டைக் கழற்றினான். “அப்ப எடுத்துக்கோ” என்றான்.

எமெட் எஞ்சினையும் சூடேற்றியையும் ரேடியோவையும் ஓடவிட்டு இறங்கினான். கண்ணாடிகளில் ஆவி படர்ந்திருந்தது. ஆறடிக்கு மேல் அரை அடி இருக்கும் ஆள், முழங்கால்கூட மறையாத கோட்டு, தலையில் நிற்காத தொப்பி. அந்தக் கோலத்தில் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஊர் முழுவதும் பார்த்திருக்க, யூலுக்கு ஒரு கை தூரத்தில் நடந்து போனான். ஒரு தலை திரும்பவில்லை. யூல் டிரக்கிலிருந்து பார்வையை எடுக்காமலே கேட்டார்:

“என்ன வால்ட், சின்டி எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா சார்.”

“பாத்தீங்களா கோச், பேரு மறக்கமாட்டேன்” என்றார் யூல்.

சமையல்காரர்கள் போகும் பக்கவாட்டுக் கதவு என் வீட்டுக் குப்பைத்தொட்டிப் பக்கம் திறக்கும். அந்த வழியாக வந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். கல்யாணத்துக்குப் போகிற தொப்பியைக் காலையிலேயே போட்டுக்கொண்டு தயாராக இருந்தேன். “செயின்ட் ஹெட்விக் கோயிலுக்கு இந்தக் குறுக்குச் சந்துதான் கிட்ட” என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தேன்.

மாப்பிள்ளை மேடையில் நின்றபோது தரை கழுவும் மருந்து வாசனை வந்தது. பாதிரியார் கேட்டு முடிப்பதற்குள் “சம்மதம்” என்று சொல்லிவிட்டான், எங்கே யாராவது முந்திக்கொள்வார்களோ என்பது போல. ஊர் பாதி கேட்டில் நின்றதால் வந்தவர்கள் குறைவு. சாசேஜ் எக்கச்சக்கமாக மிஞ்சியது. பெக்காவின் அம்மா வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும், “வெளியில மூச்சு விட்டா கேக் கிடையாது” என்று சொல்லித்தான் உள்ளே விட்டாள். கேட்டால் நானும் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வானொலி சொன்னது: “நீலம் அசையவில்லை.” தன் கல்யாணத்தைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டான் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டிரக்கின் முன்பக்கத்தில் யாரோ பூ வைத்தார்கள். லோனி மட்டும், “தம்பிக்குக் கோவம்போல. நேத்துலேந்து பேச்சே இல்ல” என்று வருத்தப்பட்டார்.

மாலையில் டிரக்கின் எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நின்றது. திங்கட்கிழமை வரை பொறுக்க முடியாது என்று யூல் தொலைக்காட்சிக்காரர்களை வரவழைத்தார். கேப்டன் என்று மார்பில் தைக்கும் எழுத்தும் ஐந்து வருட ஒப்பந்தமும் கையில். டிரக்கின் பக்கத்தில் நின்று பேசினார்:

“நான் இத்தனை வருஷம் அளந்ததுல இவன் மாதிரி ஒருத்தனைப் பாத்ததில்ல. பசி இல்ல, தூக்கம் இல்ல, கல்யாணம் இல்ல. சுத்தி என்ன நடந்தாலும் இவன்கிட்ட ஒரு சலனம் கிடையாது. நூத்துக்கு நூத்தி ரெண்டு.”

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே என்னுடைய பியரோகித் தட்டு இருந்தது.

யூல் தட்டைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“பாத்தீங்களா. ஆளே இல்லாம ஒரு ஊரைக் கட்டிப் போட்டிருக்கான். இதுக்கு மேல தலைமை என்ன இருக்கு?”

மறுபடியும் கைதட்டினார்கள். அங்கேயே நின்று எமெட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். எமெட் அப்போது பெக்காவின் அம்மா வீட்டுச் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு கிண்ணத்தைத் திருப்பி வாங்கப் போயிருந்த நானும் அங்கேதான் தொலைக்காட்சியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியை மேஜையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி பேசினான்.

“அஞ்சு வருஷம், எமெட்.”

“அஞ்சு வருஷமும் அங்கேயே இருக்கணுமா சார்?”

“சேச்சே. நாங்க என்னிக்குமே யாரையும் இருக்கச் சொன்னதில்ல. நீயா இருப்ப. அதுதான் உன் குணம்.”

பெக்கா பாத்திரம் கழுவும் குழாயை மூடினாள். எமெட்டின் முகத்தைப் பார்த்தேன். அரை முகம் வரப் பார்த்தது.

“சார், ஒண்ணு கேக்கலாமா? இந்த சீசன்ல நான் எறிஞ்சது எப்படி இருந்துச்சு?”

அந்தப் பக்கத்தில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரண்டது.

“எறிஞ்சதா?” என்றார் யூல். “எதை?”

எமெட் துடைத்துக்கொண்டிருந்த தட்டைத் துடைத்து முடித்தான். “வேண்டாம் சார்” என்றான். யூல் மேலும் பேசிக்கொண்டே இருந்தார். பெக்காவின் அம்மா ஒரு பெரிய சட்டியை எடுத்துத் தொலைபேசியின் மேல் கவிழ்த்தாள்.

லோனியைக் கேப்டன் ஆக்கினார்கள். மீதி ஆட்டங்கள் எல்லாவற்றிலும் தோற்றார், முகம் பிரமாதமாக இருந்தது. அவர் வீட்டுச் சமையலறை முடிந்துவிட்டது. மாமியார் அங்கேயே தங்கிவிட்டார். லோனி இன்னும் போய்ப் பார்க்கவில்லை. டன்லீவியை நீக்கிவிட்டார்கள். ஏரிக்கரையில் ஒரு விதவையைக் கல்யாணம் செய்துகொண்டு மீன் பிடிக்கிறார். யூலை மேற்குக் கரையில் பெரிய அணி ஒன்று இரட்டைப் பதவி கொடுத்து அழைத்துக்கொண்டது.

எமெட்டும் பெக்காவும் ஐடஹோவுக்குப் போய்விட்டார்கள். அவள் பல் சுத்தம் செய்கிறாள். அவன் வயலுக்குத் தண்ணீர்க் குழாய் விற்கும் கடையில் சேர்ந்திருக்கிறான். போன வாரம் பெக்கா தொலைபேசியில் சொன்னாள். சேர்ந்த முதல் நாள் கடை நேரம் முடிந்து எல்லோரும் போன பிறகும் இவன் நாற்காலியை விட்டு எழவில்லையாம். மேனேஜர் சாவிக்கொத்தோடு எதிரில் வந்து நின்றாராம்.

“என்னப்பா, வீடு இல்லையா உனக்கு?”

“இருக்கு சார்.”

“அப்ப கிளம்பு.”

எமெட் எழுந்து, கதவு வரைக்கும் போய், திரும்பி நின்று, “இதை யாராவது குறிச்சுக்கறாங்களா சார்?” என்று கேட்டானாம்.

மேனேஜர் விளக்கை அணைத்துவிட்டார்.